பொன் ரேக்கும் எண்ணெய் வண்ணமும்: ரவிவர்மாவை யாருடைய ஓவியர் என்பது?

1890-களின் தொடக்கத்தில் ராஜா ரவிவர்மாவின் புராணப் படங்களைப் பார்த்தவர்கள், இந்தியாவுக்கு அதன் ஓவியர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்தார்கள். 1906-ல் அவர் இறந்த கையோடு, அதே படங்களில் இந்தியம் என்று சொல்ல எதுவுமில்லை என்ற எழுத்துகள் வரத் தொடங்கின. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் சகுந்தலையும் தமயந்தியும் வைத்த இடத்தில் வைத்தபடியேதான் இருந்தார்கள். இந்திய ஓவியம் என்றால் என்ன என்ற எதிர்பார்ப்பு புரண்டுவிட்டது. 1979-ல் மத்திய அரசு அவர் படைப்புகளைக் கலைக்கருவூலமாக அறிவித்து, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை விதித்தது. 1993-ல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. வழக்கு மட்டும் முடியவில்லை.

கேள்வி எளியதுபோலத் தோன்றும். ஐரோப்பிய அகாதெமிகள் வளர்த்த யதார்த்தபாணி எண்ணெய் ஓவியத்தை இந்தியக் கதைப்பொருளோடு இணைத்த ரவிவர்மா, இங்கிருந்த ஒரு மரபை நீட்டினாரா, முறித்தாரா, அல்லது இரண்டிலும் அடங்காத ஒன்றைத் தொடங்கினாரா? கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் இதற்கு வந்த விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக்குறை தெரிகிறது. யதார்த்தபாணி என்பதையும் மரபு என்பதையும் இரண்டு மூடிய பெட்டிகளாகவே பெரும்பாலான விமர்சகர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்த மரபு, யார் கையில் இருந்த மரபு என்று கேட்டவர்கள் குறைவு.

பதக்கங்களின் காலம்

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். தந்தை வடமொழிப் புலமை உள்ள நம்பூதிரி. தாய் உமாம்பா துள்ளல் பாட்டு இயற்றியவர். முதலில் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. 1862-ல், பதினான்கு வயதில், மாமனோடு திருவனந்தபுரம் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார். அரண்மனை ஓவியராக இருந்த ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-ல் வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரோ பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே இடம்கொடுத்தார். மேதைகளின் இளமைக் கதைகள் பலவும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன என்பதால், விவரங்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒன்று உறுதி. அவர் எந்தக் கலைப்பள்ளியிலும் படிக்கவில்லை. சென்னையில் 1850 முதல் கலைப்பள்ளி இருந்தும் அங்கே அவர் மாணவராகச் சேரவில்லை. அகாதெமி பாணிக்காரர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர் அகாதெமியின் வாசற்படியை மிதிக்காதவர்.

1873-ல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னாக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, ஸ்வரபத் என்ற இசைக்கருவியை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்கு மீண்டும் சென்னையில் பதக்கம். 1875-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அந்தப் படத்தைத் திருவிதாங்கூர் அன்பளிப்பாகக் கொடுத்தது. தாமரை இலையில் காதல் மடல் எழுதும் சகுந்தலையைச் சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவே வாங்கினார். மோனியர் வில்லியம்ஸின் சாகுந்தல மொழிபெயர்ப்பின் பிந்தைய பதிப்பொன்றில் அது முகப்புப் படமாக ஏறியது. 1888-ல் பரோடாவின் மூன்றாம் சாயாஜிராவ் பதினான்கு புராணப் படங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தார். கூலி 50,000 ரூபாய். நளனும் தமயந்தியும், சந்தனுவும் மச்சகந்தியும், விசுவாமித்திரரும் மேனகையும், அர்ச்சுனனும் சுபத்திரையும் அந்தத் தொகுதியில் வந்தவர்கள். பரோடா போய்ச்சேரும் முன்பே படங்கள் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது, அவற்றின் ஒளிப்படப் பிரதிகள் ஊர் ஊராக விற்றன. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போன படங்கள் பரிசு பெற்றன.

இந்தக் கட்டத்துப் பாராட்டில் இரண்டு இழைகள் பின்னிக்கிடந்தன. வெள்ளைக்காரனின் வித்தையை அவனுக்கு நிகராக நம்மவர் ஒருவர் செய்துகாட்டினார் என்ற பெருமிதம் ஒன்று. காளிதாசனும் வியாசனும் கண்ணால் காணத்தக்க உருவம் பெற்றார்கள் என்ற மகிழ்ச்சி மற்றொன்று. வங்கத்தில் பலேந்திரநாத் தாகூர் இந்த நோக்கில் அவரை மெச்சினார். பிற்காலத்தில் எதிர்முகாமுக்குப் போன ராமானந்த சட்டர்ஜியும் தொடக்கத்தில் அவரைத் தம் இதழ்களில் முன்னிறுத்தியவர்தான்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் அளவுகோலில் இருக்கிறது. உருவம் அச்சு அசலாக இருந்தால் ஓவியம் உயர்ந்தது என்ற ஐரோப்பியக் கணக்கைக் கேள்வியே கேட்காமல் அது ஏற்றது. பாராட்டியவர்களும் கவர்னர்கள், திவான்கள், சமஸ்தானாதிபதிகள், ஆங்கிலம் கற்றவர்கள் என்ற குறுகிய வட்டத்தினர். மறுப்பு எழுந்தபோது பழைய பாராட்டுகளால் தாக்குப்பிடிக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வங்கத்தின் மறுப்பு

மறுப்பின் காலச்சூழல் தெளிவானது. 1905 வங்கப் பிரிவினை, சுதேசி இயக்கம், அதே ஆண்டையொட்டி அவனீந்திரநாத் தாகூர் தீட்டிய பாரதமாதா. கல்கத்தா கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த ஈ. பி. ஹாவெல், இந்தியக் கலையின் உயிர் உருவ ஒற்றுமையில் இல்லை, உள்முகப் பார்வையில் இருக்கிறது என்று வாதாடினார். இதே ஹாவெல் 1884 முதல் சில ஆண்டுகள் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பில் இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தென்னாட்டுக் கைவினைகளை அறிந்தவர் அவர். அவர் எழுப்பிய இந்திய ஓவிய வரலாற்றிலோ தென்னாட்டு ஓவியர்களுக்கு ஏறத்தாழ இடமே கிடைக்கவில்லை. சகோதரி நிவேதிதை 1907-ல் மாடர்ன் ரிவ்யூ இதழில் எழுதியபோது சகுந்தலையின் மடலைக் குறிவைத்தார். பெண்ணொருத்தி தரையில் குப்புறப் படுத்து எழுதும் கோலம் இந்திய ஒழுக்கத்துக்கும் நாகரிகத்துக்கும் இழுக்கு என்பது அவர் கட்சி. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இன்னும் கூர்மையாகத் தாக்கினார். கதைகளை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றை நாடகக் கொட்டகைப் பாவனையில் தீட்டினார் ரவிவர்மா, கற்பனையின் ஆழம் அங்கே இல்லை என்று அவர் கருதினார்.

இந்தக் குற்றச்சாட்டை முழுக்கத் தள்ளிவிட முடியாது. விசுவாமித்திரர் மேனகை படம் போன்றவற்றில் கை தூக்கும் விதமும் முகம் திருப்பும் விதமும் மேடைத்தன்மை உடையவைதான். ரவிவர்மாவும் அவர் தம்பியும் பம்பாயில் நாடகங்களைத் தேடிப்போய்ப் பார்த்தவர்கள். தெய்வங்கள் பக்கத்து வீட்டு மனிதர்களாகிவிடுகிறார்கள் என்ற குறையிலும் ஓர் உண்மை உண்டு. சில படங்களில் சீதையின் துயரம் நல்ல குடும்பத்துப் பெண்ணின் மனவருத்தம் என்ற அளவுக்குச் சுருங்கித்தான் போகிறது.

ஆனால் மறுப்பாளர்களின் சொந்த நிலமும் உறுதியாக இல்லை. அவனீந்திரநாத் முதலில் இத்தாலியரான கிலார்தியிடமும் ஆங்கிலேயரான பாமரிடமும் பயின்றவர். அவருக்குப் பேர் வாங்கித்தந்த மங்கலான நீர்வண்ணப் பூச்சு, 1903 வாக்கில் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்களோடு பழகியதில் கிடைத்தது. வெளிநாட்டு நுட்பம் கலந்தால் இந்தியம் கெடும் என்றால் அந்தக் கெடுதல் இரு பக்கமும் இருந்தது. மேலும், அவர்கள் மரபு என்று சொன்னது அஜந்தா, முகலாயம், ராஜபுத்திரம் ஆகிய மூன்றின் ஒரு தேர்வு. தஞ்சாவூரிலும் மதுரையிலும் தங்கள் கண்ணெதிரே தொழில் செய்துகொண்டிருந்த ஓவியர்கள் அந்தத் தேர்வில் சேரவில்லை. ரவிவர்மா எதைக் கைவிட்டார் என்று கேட்டவர்கள், எதை வைத்திருந்தார் என்று பார்க்காததற்கு இந்தப் பாராமுகம் ஒரு காரணம்.

எந்த மரபு?

விவாதத்தின் வளமான பகுதி இதுதான்; ஆனால் குறைவாக உழப்பட்ட நிலம். கேரள ஓவியர் என்றதும் மட்டாஞ்சேரி, பத்மநாபபுரம் அரண்மனைகளின் சுவரோவியங்களை நினைப்பது இயல்பு. செங்காவியும் பச்சையும் நிரம்பிய, ஓர் அங்குலமும் வெற்றிடம் விடாத அந்த மரபின் தெளிவான தடம் எதுவும் ரவிவர்மாவின் திரைச்சீலைகளில் இல்லை. கதகளிக்கும் ஏறக்குறைய அதே கதி. கிளிமானூர் குடும்பம் ராவணவிஜயம் என்ற ஆட்டக்கதையை இயற்றிய புலவரைத் தந்த குடும்பம். அங்கே வளர்ந்தவருக்குக் கதகளி ஒவ்வொரு அடவாகத் தெரிந்திருக்கும். ஆயினும் அவருடைய ராவணனுக்குச் சுட்டி என்ற முக ஒப்பனையும் இல்லை, அகன்ற பாவாடையும் இல்லை. உள்ளூர் மரபுகள் இரண்டையும் அவர் அறிந்தே ஒதுக்கியிருக்கிறார் என்று கொள்ள இடமுண்டு. பாரதம் முழுவதற்குமான புராண உடையைத் தேடித் தம்பியோடு வடநாட்டுப் பயணம் போனவருக்கு, ஓர் ஊரின் மேடைக்கோலம் போதாமல் இருந்திருக்கலாம்.

அவர் கையில் தங்கிய மரபு வேறு திசையிலிருந்து வந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையின் சிறந்த ஓவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு. ரவிவர்மாவின் தாய்மாமன் அவரிடம்தான் கற்றார். தஞ்சாவூர், திருச்சி வட்டாரத்து ராஜுக்களும் மதுரை நாயுடுகளும் தொழிலாகக் கொண்டிருந்த பலகைப் படமே இந்தப் பாரம்பரியத்தின் அடி. மரப்பலகையில் துணி ஒட்டி, சுக்கான் தூளும் பிசினும் சேர்ந்த மக்கை நகையும் மண்டபமுமாக மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, கல் பதிப்பார்கள். தெய்வம் நேர்முகமாக, கொழுகொழுவென, பார்ப்பவரைப் பார்த்தபடி இருக்கும். தஞ்சாவூரில் சரபோஜி காலத்தில் செழித்த இந்தப் படங்களை ஐரோப்பா தீண்டாத தூய மரபு என்றும் சொல்ல முடியாது. கும்பினிக்காரர்களுக்குச் சாதிவாரியாக, தொழில்வாரியாகக் கணவன் மனைவி சோடிகளை வரைந்துகொடுத்ததும் இதே வட்டாரத்து ஓவியர்கள்தான். நிழலும் உருட்சியும் அவர்கள் படங்களில் ஏற்கெனவே எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டன. ஆகவே ரவிவர்மா பெற்ற மரபே ஒரு கலவை. அதில் அவர் கலந்தது இரண்டாம் கலவை.

இப்போது படங்களை நெருங்கிப் பார்ப்போம். அவருடைய மகளிர் உருவங்கள் பலவற்றில் மேனியின் வண்ணம் மெல்லிய பூச்சாக, தூரிகைத் தடம் தெரியாமல் வழுக்கிச் செல்லும். சரிகைக் கரையிலும் ஒட்டியாணத்திலும் மூக்குத்தியிலும் அந்த அடக்கம் போய்விடும். ஒளி பட்டுத் தெறிக்கும் இடங்கள் புள்ளி புள்ளியாகத் தனித்து எழும். ஐரோப்பியப் பயிற்சியிலும் நகையை இப்படித் தீட்டுவதுண்டு. ஆனால் ரவிவர்மாவிடம் ஒளி வீழும் திசைக்குக்கூட முழுக்கக் கட்டுப்படாமல் பொன் தன் இருப்பை அறிவித்துக்கொள்கிறது. ரேக்கு ஒட்டும் கையின் நினைவு எண்ணெய் வண்ணத்துக்குள் புகுந்த இடம் இதுவாக இருக்கலாம். நிரூபணம் என்று இதைச் சொல்லவில்லை. கவனிக்கத்தக்க சான்று என்கிறேன். இன்னொரு தடயமும் இருக்கிறது. பின்னாளில் அவருடைய அச்சுப்படங்களை வாங்கிய வீடுகளில், செட்டிநாட்டு வீடுகள் உட்பட, லட்சுமியின் சேலைமேல் துணியும் சரிகையும் மணியும் ஒட்டி அலங்கரிக்கும் வழக்கம் பரவியது. யதார்த்தபாணி படத்தை மறுபடி பலகைப் படமாக்கிக்கொண்டார்கள் பார்ப்பவர்கள். தங்களுக்குப் பழக்கமான ஏதோ ஒன்று அந்தப் படத்தில் ஒளிந்திருப்பதை அவர்கள் விமர்சகர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள் போலும்.

மரபின் மற்றொரு ஊற்று இலக்கியம். காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோலப் பாவனைசெய்து சகுந்தலை திரும்பிப் பார்க்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்துக்கொள்ளலாம். காளிதாசனின் நாடகத்தில் முதல் அங்கத்தின் முடிவில் இந்த நிகழ்ச்சி துஷ்யந்தன் எதிரிலேயே நடக்கிறது; தர்ப்பை குத்தியதென்று சொல்லி அவள் நின்றாள் என்று அவன் பின்னர் தன் தோழனிடமும் சொல்கிறான். ரவிவர்மா அரசனைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். தோழியின் தோளில் கை ஊன்றி, பாதத்தை உயர்த்தி, முகத்தை மட்டும் பின்னால் திருப்புகிறாள் சகுந்தலை. அவள் தேடும் கண்கள் சட்டகத்துக்கு வெளியே எங்கோ இருக்கின்றன. பார்ப்பவர் துஷ்யந்தனின் அருகே நிறுத்தப்படுகிறார். பலகைப் படத்தின் தெய்வம் பக்தனை நேருக்கு நேர் பார்க்கும். இந்தப் பெண்ணோ யாரையோ தேடுகிறாள், நாம் அவளைப் பார்க்கிறோம். இங்கே ஐரோப்பாவிலிருந்து வந்தது நிழலும் தூரமும் மட்டுமல்ல, பார்வையின் ஒழுங்குமுறையும்தான். மரபை நீட்டினார் என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்த மாற்றத்தின் அளவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

சட்டகத்துக்குள் தேசமும் குடும்பமும்

1980-களின் இறுதியில் கேள்வியே வேறாகியது. கலை ஆய்வாளர்களான கீதா கபூர், தபதி குஹா தாக்குர்தா, பார்த்தா மித்தர் ஆகியோர் ரவிவர்மா இந்தியரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதை விட்டு, அத்தகைய தீர்ப்பு ஏன் தேவைப்பட்டது என்று ஆராய்ந்தார்கள். தொழில்முறைக் கலைஞர் என்ற புதிய பிறவி எப்படி உருவானது, அரசகுலத்தில் பிறந்த ஒருவர் காசுக்குப் படம் வரைவது எப்படி மதிப்புக்குரியதாயிற்று, காலனிய நிறுவனங்கள் அதில் என்ன பங்காற்றின என்பவை இவர்களின் அக்கறைகள்.

இந்த வழியில் போனவர்களுக்கு வளமான சான்றாகக் கிடைத்தது 1889-ன் இசைக்குழுப் படம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அதில், வீணையோடு அமர்ந்த நாயர் பெண் தொடங்கிப் பதினொரு பெண்கள், வெவ்வேறு வட்டாரத்து உடைகளில் ஒன்றுகூடியிருக்கிறார்கள். ஒரே நாடு, பல உடைகள் என்ற எண்ணத்தின் முன்னோட்டமாக இதை வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. யாருடைய வாசிப்புக்கும் மற்றவர் செவிசாய்ப்பதாகத் தோன்றவில்லை. கும்பினி ஓவியங்களின் சாதிவாரிப் பட்டியலே ஒரு மண்டபத்துக்குள் கூட்டிவைக்கப்பட்டதுபோலவும் இதைப் பார்க்கலாம். இரண்டு வாசிப்புக்கும் படத்தில் இடமிருக்கிறது. தேசத்தை மட்டும் காண்பவர்கள் பின்னதை விட்டுவிடுகிறார்கள்.

1893-ன் ‘அப்பா வருகிறார்’ படத்தை ஆய்வாளர் ஜி. அருணிமா போன்றோர் மருமக்கத்தாயத்தின் பின்னணியில் வாசித்தது முக்கியமான நகர்வு. ரவிவர்மாவின் மகள் குழந்தையை இடுப்பில் ஏந்தி, சட்டகத்துக்கு வெளியே வந்துகொண்டிருக்கும் தந்தையைச் சுட்டிநிற்கிறாள், காலடியில் நாய். தாய்வழியில் சொத்தும் பேரும் இறங்கும் ஒரு சமூகத்தில், தந்தை வீடு திரும்புவதைக் குடும்ப வாழ்வின் மையமாக்கும் படம் இது. மலபாரில் திருமணச் சட்டம் வந்தது 1896-ல். நாயர் குடும்ப அமைப்பு பற்றிய வாக்குவாதம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. படம் வரைந்தவரோ தாய்மாமனால் வளர்க்கப்பட்டு, தாயின் தரவாட்டுப் பெயரால் அறியப்பட்டவர். இந்த வாசிப்பு மனத்தைக் கவர்கிறது. எனினும் படத்தின் ஐரோப்பிய முன்மாதிரிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். தந்தைக்காகக் காத்திருக்கும் தாயும் சேயும் விக்டோரியா கால ஓவியத்தில் சலித்துப்போகும் அளவுக்குப் புழங்கிய பொருள். சமூகக் கருத்து எவ்வளவு, கடன்வாங்கிய அமைப்பு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை.

பொதுவாக இந்த ஆய்வுகளின் பலம் சூழலை விரித்துக்காட்டுவது. பலவீனம், ஓவியத்தின் மேற்பரப்பை விட்டுச் சூழலுக்குள்ளேயே தங்கிவிடுவது. பழஞ்சித்திரப் பாதுகாப்பு வல்லுநரான ரூபிகா சாவ்லாவின் 2010 நூல் இந்தப் போக்கைக் கொஞ்சம் ஈடுகட்டியது. திரைச்சீலை, வண்ணம், ஒப்பந்தம், கடிதம் என்று பொருளைக் கையில் எடுத்துப் பேசும் நூல் அது.

கல்லச்சில் கடவுள்கள்

கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் நிர்வாகம் நடத்திய டி. மாதவராவ், படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப்படிகள் எடுக்கும்படி ரவிவர்மாவுக்கு ஆலோசனை சொன்னார். அவர் படங்களை அனுப்புவதற்குப் பதிலாக அச்சகத்தையே இங்கு நிறுவினார். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் முதல் படம் சகுந்தலையின் பிறப்பு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இறுதியில் மெருகுப்பூச்சு. கொள்ளைநோய்க் காலத்தில் அச்சகம் லோணாவ்ளா அருகே மளவளிக்கு இடம்பெயர்ந்தது. கடன் பெருகியது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே தொழில்நுட்பராக இருந்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் அது கைமாறியது. தாதாசாகேப் பால்கே சினிமாவுக்கு வரும் முன் சில காலம் அங்கே வேலை பார்த்தார்.

அச்சுப்படங்களை முன்னிட்டு எழுந்த வாதம் துணிச்சலானது. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் வீட்டுச்சுவருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்துவிட்டார்கள், கடவுளைப் பொதுவாக்கியவர் ரவிவர்மா என்பது அதன் சுருக்கம். மேடையில் சொல்லக் கைதட்டல் கிடைக்கும். ஆதாரம் அவ்வளவு திடமில்லை. கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் புனேயின் சித்திரசாலை அச்சகமும் 1878-லேயே சாமிப்படங்களை அச்சிட்டன. அதற்கும் முன்னால் காளிகாட் படங்கள் கோயில்தெருவில் காசுக்கு விற்றன. ரவிவர்மா அச்சகத்தின் மெருகேறிய படிகள் தொடக்கத்தில் ஏழைகளின் கைக்கு எட்டும் விலையிலா இருந்தன என்பதும் கேள்விக்குரியது. ஆய்வாளர் கிறிஸ்டோபர் பின்னி 2004-ல் வெளியிட்ட நூலில் அச்சுப்படத்தின் அரசியலை ரவிவர்மாவோடு மட்டும் நிறுத்தாமல் அகலமாக விரித்துப் பார்த்தார். மக்கள் படத்தை எப்படித் தொட்டார்கள், கும்பிட்டார்கள், அலங்கரித்தார்கள் என்பதுதான் பொருள் என்றார். யதார்த்தபாணியின் தூரமும் ஆழமும் அச்சில் மெல்லக் கரைந்து, தெய்வம் மறுபடி முன்னால் வந்து நேர்முகமாக நிற்பதை அவர் கவனித்தது கூர்மையானது. பலகைப் படம் பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது எனலாம்.

தமிழ்நாட்டில் இதன் தொடர்ச்சியைக் கோவில்பட்டியில் காணலாம். 1898-ல் பிறந்த சி. கொண்டைய ராஜு, சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலைகள் தீட்டி, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிப்படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாள்காட்டிகளாக நாடெங்கும் அனுப்பின. பலகைப் படத்தை வளர்த்த ராஜு குடும்பத்தில் பிறந்து, கலைப்பள்ளியின் பயிற்சியும் மேடைத்திரையின் பழக்கமும் சேர்ந்த கை அவருடையது. ரவிவர்மாவிடம் ஏற்பட்ட கலவை அரைநூற்றாண்டு கழித்து, வேறு சாதிநிலையில், வேறு பொருளாதாரத்தில் மறுபடி நிகழ்ந்திருக்கிறது. ரவிவர்மாவை முன்னோடி என்று மட்டும் சொல்லி இந்த ஓவியர்களை அவருடைய நிழலாகக் காட்டுவது சரியாகாது. இரு தரப்பாரும் ஒரே ஊற்றிலிருந்து தனித்தனியே முகந்தவர்களாகவும் இருக்கலாம்.

தீராதவை

இதுவரை வந்த விடைகளில், மரபை முறித்தவர் என்ற கட்சி ஆதாரத்தில் நலிந்தது. அது மரபு என்று கொண்டதே ஒரு பகுதிதான். மரபை நீட்டியவர் என்ற கட்சி பார்வையின் ஒழுங்கு மாறியதை விளக்கத் திணறுகிறது. காலனிய நவீனத்தின் பிள்ளை என்ற விளக்கம் இன்று வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் அதே சூழலில் வாழ்ந்த ராமசாமி நாயக்கரின் கையிலும் ரவிவர்மாவின் கையிலும் ஒரே எண்ணெய் வண்ணம் ஏன் வெவ்வேறு படங்களானது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

முன்னே போக வேண்டுமானால் சில வேலைகள் நடந்தாக வேண்டும். முதலாவது, கை யாருடையது என்பது. தம்பி சி. ராஜராஜ வர்மா, 1890-களின் நடுவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு 2005-ல் அச்சானது. இருவரும் கூட்டாக உழைத்ததையும், நிலக்காட்சிகளில் தம்பிக்கு இருந்த தேர்ச்சியையும் அது காட்டுகிறது. தம்பி 1905-ல், அண்ணனுக்கு முன்பே, இறந்துபோனார். ஒரே படத்தைப் பல பிரதிகளாக வரைந்துகொடுத்ததும், சந்தையில் உலவும் போலிகளும் சேர்ந்து, ரவிவர்மா பாணி என்று நாம் பேசுவது எத்தனை பேரின் கைவேலை என்பதைக் குழப்பியிருக்கின்றன. பூச்சடுக்குகளை ஒளிக்கதிர் கொண்டு சோதிக்கும் முறைகள் இன்று இருக்கின்றன. அரண்மனைகளிலும் தனியார் இல்லங்களிலும் சிதறிக்கிடக்கும் படங்களை ஒரே முறையில், ஒப்பிட்டுச் சோதித்தால் நகையின் பொன்னைப் பற்றி மேலே சொன்ன ஊகமும் நிற்கும் அல்லது விழும்.

இரண்டாவது, அழகிரி நாயுடு, ராமசாமி நாயக்கர், ஆறுமுகம் பிள்ளை என்று வரலாறுகளின் முதல் அத்தியாயத்தில் வந்து மறைந்துபோகும் தமிழ், தெலுங்கு ஓவியர்கள். அவர்களைப் பொறாமைக்காரராகவோ ரகசிய உதவியாளராகவோ மட்டுமே நாம் அறிகிறோம். திருவிதாங்கூர் அரண்மனைக் கணக்குகளிலும், 1879-ஐயொட்டி ரவிவர்மாவே உருவப்படங்கள் வரைந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ஆவணங்களிலும், தஞ்சை மராட்டியரின் மோடி எழுத்து ஆவணங்களிலும் ஓவியர்களுக்குக் கொடுத்த கூலி, வண்ணம், ரேக்கு பற்றிய பதிவுகளைத் தேடி ஒன்றுசேர்க்கும் வேலை பெரிய அளவில் நடக்கவில்லை. அது நடக்கும்வரை, ரவிவர்மா எந்த மரபிலிருந்து விலகினார் என்று சொல்லும் எந்த விடையும், அந்த மரபில் உழைத்தவர்களின் வாக்குமூலம் இல்லாமல் எழுதப்பட்ட விடைதான்.